வெள்ளிக்கிழமை மத்தியானம்

என் பேத்தி ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பள்ளியில் வெள்ளிக்கிழமை மத்தியானம் புத்தகத்தைத் திறக்க மாட்டார்கள். அன்றைக்கு 'ஹேண்ட்ஸ்-ஆன் லேர்னிங்'. பிள்ளைகள் கையால் செய்து கற்றுக்கொள்வார்களாம். கட்டண ரசீதில் அதற்குத் தனியாக ஒரு வரி உண்டு. 1973-இல் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலும் வெள்ளிக்கிழமை மத்தியானம் புத்தகத்தைத் திறக்க மாட்டோம். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தைச் சாணி போட்டு மெழுகுவோம். கால அட்டவணையில் அதற்குப் பெயர் 'கைத்தொழில்'. கட்டணம் கிடையாது. சாணியையும் நாங்களே கொண்டுவர வேண்டும்.

திருச்செந்தூர்ப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய ஊர். கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும் செம்மணல். கண்ணுக்கு எட்டிய மட்டும் பனை. ஓட்டுக் கட்டடத்தில் ஐந்து வகுப்பும் இரண்டு சாரும். கைத்தொழில் வேளையில் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. பொம்பளைப் பிள்ளைகள் பெருக்கி, மெழுகி, குடிதண்ணீர்ப் பானையை நிரப்ப வேண்டும். பையன்கள் வேலிக்கு முள் வெட்டி அடைத்து, கரும்பலகைக்குக் கரி பூச வேண்டும். சார் வீட்டுக்கு விறகு பிளந்து கொடுப்பது எந்தப் பாடத்தில் சேர்த்தி என்று தெரியாது. அதற்கு நன்றாகப் படிக்கிற பையன்களை மட்டும்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாதவர்கள் வீட்டுக்குப் போய் அழுவார்கள்.

கரும்பலகை பூசுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஊமத்தை இலையை அடுப்புக்கரியோடு சேர்த்துக் கல்லில் வைத்து நசுக்கி, அந்தச் சாந்தைத் துணியில் தோய்த்துப் பூச வேண்டும். கரி கூடினால் காய்ந்ததும் உதிர்ந்து சார் சட்டையில் விழும். இலை கூடினால் பலகை பச்சை பாய்ந்து, சாக்பீஸ் வழுக்கும். எத்தனை கை இலைக்கு எத்தனை துண்டு கரி என்று பையன்கள் சண்டை போட்டே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் இலையில் நீர் அதிகம், அதனால் கரியைக் கூட்டணும் என்கிற அளவுக்கு அந்த ஆராய்ச்சி முன்னேறியிருந்தது.

அப்படிப் பூசிய பலகையில்தான் செவ்வாய்க்கிழமை காலையில் கணக்கு நடக்கும். 3 ஆள் 12 நாளில் ஒரு கிணறு வெட்டினால், 4 ஆள் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? ஒருதடவை கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், எந்தக் காட்டுல? தேரியில நாலு பேரு ஒண்ணா எறங்குனா மணல் சரிஞ்சு ஆளை மூடிரும் சார்" என்றான். தலையில் ஒரு குட்டு விழுந்தது. விடை 9 நாள். அவன் அப்பாவும் சித்தப்பாவும் கிணறு வெட்டப் போகிறவர்கள் என்பது சாருக்கும் தெரியும். ஆனால் அது வெள்ளிக்கிழமை விஷயம், இது செவ்வாய்க்கிழமை.

பெரிய சார் ஆதாரக் கல்விப் பயிற்சி பெற்றவர். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதற்குள் தக்ளிகள். மெல்லிய கம்பியும் அடியில் வட்டத் தகடுமாக, பார்த்தால் பம்பரம் ஆடத் தோன்றும். அந்தப் பெட்டிக்குப் பின்னால் பெரிய வரலாறே இருந்தது என்பது எனக்குப் பின்னால் ஆசிரியர் பயிற்சியில்தான் தெரிந்தது. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி ஒரு கல்வி மாநாடு கூட்டினார். ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு திட்டம் எழுதியது. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, கணக்கு, பூகோளம், சரித்திரம் எல்லாவற்றையும் அதிலிருந்தே சொல்லிக் கொடுப்பது. பிள்ளைகள் செய்த பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்தைக்கூட ஈடுகட்டுவது என்பது காந்தியின் எண்ணம். எங்கள் நூலை விற்றுச் சம்பளம் கொடுத்திருந்தால் பெரிய சார் மாதம் ஒரு வேளைக் காப்பி குடித்திருக்கலாம்.

தக்ளிப் பெட்டி திறப்பது இன்ஸ்பெக்டர் ஐயா வரும்போதுதான். முதல் நாள் ஆளுக்கொரு தக்ளி கொடுத்து, தொடையில் உருட்டிச் சுழற்றுவதற்கு ஒத்திகை நடக்கும். பஞ்சு அறுந்துகொண்டே இருக்கும். மேசை மேல் அழகாக அடுக்கியிருக்கும் நூல் சிட்டங்கள் பெரிய சார் வீட்டம்மா ராத்திரி உட்கார்ந்து நூற்றவை. இன்ஸ்பெக்டர் அவற்றைத் தடவிப் பார்த்து, "பிள்ளைகள் கை நன்றாகப் பழகியிருக்கிறது" என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவார். இந்தக் காலத்து அம்மாக்கள் பிள்ளைகளுக்குப் பதிலாகப் ப்ராஜக்ட் செய்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். அந்த மரபு ரொம்பப் பழையது.

அந்த வருடம் தக்ளி அலுத்துப்போய்ப் பனை ஓலைப் பெட்டி முடைய வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். ஓலை கொட்டிக் கிடக்கும் ஊர், நல்ல யோசனைதான். ஆனால் அவருக்கு முடையத் தெரியாது. கையேட்டைப் பார்த்துக்கொண்டே ஓலையைக் குறுக்கும் நெடுக்கும் கோத்தார். அடி சதுரமாக வராமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கிணற்றுக் கணக்கில் குட்டு வாங்கிய அதே பையன் எழுந்து வந்தான். அவன் தாத்தா பனையேறி, அம்மா பெட்டி முடைகிறவள். சார் கையிலிருந்து ஓலையை வாங்கி உதறி, சாரோலையைத் தள்ளிவைத்து, குருத்தோலையாகப் பொறுக்கினான். "எம்புட்டுப் பெட்டி சார் வேணும்? அரைப்படி கொள்ளணுமா, ஒருபடி கொள்ளணுமா?" என்று கேட்டான். அளவைச் சொன்னதும் ஓலையை எண்ணி எடுத்தான். மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை. பெட்டி மடியில் கிடந்து சுற்றிச் சுற்றி வளர்ந்தது.

சுற்றளவும் கொள்ளளவும் ஐந்தாம் வகுப்புக் கணக்கில் உண்டு. அவன் மடியில் அந்தப் பாடம் முழுசும் இருந்தது. யாராவது ஒரு தடவை, 'ஏலே, நீ இப்போ செய்ததுதான் புத்தகத்தில் இருக்கிறது' என்று அவனிடம் சொல்லியிருந்தால் போதும். சொல்ல யாருமில்லை. கைத்தொழிலுக்குப் பரீட்சை கிடையாது, கணக்குக்கு உண்டு. முழுப் பரீட்சையில் அவன் கணக்கில் தவறினான். அவன் முடைந்த பெட்டியில் சார் சாக்பீஸ் போட்டு வைத்துக்கொண்டார். நான் பள்ளியை விட்டுப் போகும்வரை அது அறுந்துபோகவில்லை.

பெட்டி முடைந்ததற்கு அடுத்த வாரம் அந்தப் பையனுடைய அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வாசலுக்கு வெளியே நின்று, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "அய்யா, ஓலை நான் சொல்லிக் குடுத்துருவேன். நீங்க எழுத்தைச் சொல்லிக் குடுங்க." சார் கைத்தொழிலின் மேன்மையைப் பற்றி வெகுநேரம் விளக்கினார். வந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, போகும்போது அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னார்.

அவர் காதில் எது ஒலித்திருக்கும் என்பது இந்த மாநிலத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வந்தது. பள்ளி ஒரு நாளைக்கு 3 மணி நேரமாகக் குறையும். மீதி நேரம் பிள்ளைகள் தகப்பன் தொழிலைப் பழகலாம். செய்து கற்பது என்று பார்த்தால் அதைவிட முழுமையான ஏற்பாடு கிடையாது. ஆனால் மரம் ஏறுகிறவன் பிள்ளை மரத்தில்தான் கற்க வேண்டும், ஏட்டைப் பிடித்தவன் பிள்ளை ஏட்டில் கற்கலாம் என்றுதான் அதற்குப் பொருள் வந்தது. குலக்கல்வி என்ற பெயர் அதன் மேல் ஒட்டிக்கொண்டது. பெரியார் தெருவுக்கு வந்தார். 1954-இல் ராஜாஜி பதவி விலகி, காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். எங்கள் ஊரில் அந்தச் செய்தியை வானொலியில் கேட்டவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எதற்காகப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கைக்கு வேலை கொடுக்கும் கல்வி, கைக்கு வேலையே இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் புதுமை.

1980-களின் கடைசியில் நானே டீச்சராக வேலைக்குப் போனேன். அப்போது கைத்தொழில் பாடவேளையில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கணக்குப் பாடவேளையில் சத்துணவுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்து, ஆசிரியருக்கு வருடத்துக்கு 500 ரூபாய் கொடுத்து, கற்பித்தல் துணைக்கருவிகள் செய்யச் சொன்னது. டி.எல்.எம். என்றால் எல்லோருக்கும் புரியும். வட்டார வள மையத்தில் கண்காட்சி நடக்கும். சார்ட்டில் செய்த தாமரை, தெர்மோகோலில் செய்த நுரையீரல். மறுநாள் அவை பாலிதீன் உறைக்குள் போய்விடும். பிள்ளைகள் தொட்டால் கெட்டுப்போகும் அல்லவா?

அதைப் புரட்டிப் போட்டது செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டு, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுக்க வந்தது. நாற்காலி மேசைகளை ஒதுக்கிவிட்டுப் பாயை விரித்தார்கள். சுவரில் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேல் கம்பிப் பந்தல், மூலையில் அட்டைகள் அடுக்கிய தட்டுகள். ஒவ்வொரு பிள்ளையும் சுவரில் உள்ள ஏணிப் படத்தைப் பார்த்து, தன் படி எதுவென்று கண்டுபிடித்து, தானே அட்டையை எடுத்து, அதற்குரிய குழுவில் போய் உட்கார வேண்டும். ஆசிரியரும் பாயில் உட்கார வேண்டும். ஆசிரியர் சங்கங்களில் முழங்கால் வலி ஒரு கோரிக்கையாகவே எழுந்தது.

நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே ஒன்றைக் கவனித்தேன். கடைசி வரிசை என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. ஒரு வாரம் வராத பிள்ளை வந்து, விட்ட அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டது. மணியைக் கோத்து எண்ணியது, புளியங்கொட்டையைப் பிரித்து வகுத்தல் செய்தது. தேரிக்காட்டுப் பையனுக்கு நான் மனசுக்குள் ஒரு அட்டை ஒதுக்கி வைத்திருந்தேன்.

ஆனால் அலுவலகத்துக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. எந்தப் பிள்ளை எந்தப் படியில் என்று பதிவேடு. பந்தலில் பிள்ளைகள் செய்தது தொங்குகிறதா என்று பார்வை. பார்வைக்குத் தொங்குவது முக்கியம் என்றானதும், நன்றாக வந்த பத்துப் படைப்புகள் வருடம் முழுக்கத் தொங்கின. எறும்பு அரித்த பிறகும் தொங்கின. ஐந்தாம் வகுப்புக்கு வந்ததன் பெயர் எளிய படைப்பாற்றல் கல்வி. பாடத்தைப் படித்துவிட்டு ஒவ்வொரு பிள்ளையும் தன் மனதில் பட்டதை மனவரைபடமாக வரைய வேண்டும். நானும் ஆசையாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு பையன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "டீச்சர், என் மனசுல இருக்கிறதை நீங்க போர்டுல எழுதிப் போடுங்க, நான் பாத்து எழுதிக்கிறேன்" என்றான். அவன் மேல் தப்பில்லை. அதுவரை எல்லாம் அப்படித்தானே நடந்தது?

2012-இல் முப்பருவ முறை வந்தது. பருவத் தேர்வுக்கு 60, சிறு தேர்வுகளுக்கு 20, செயல்பாடுகளுக்கு 20. கடைசியில் கைத்தொழிலுக்கு மதிப்பெண் கிடைத்துவிட்டது. கிடைத்த அன்றே அதற்குக் கடை திறந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டேஷனரியில் 'ப்ராஜக்ட் கிடைக்கும்' என்று பலகை தொங்கியது. காற்றாலை, எரிமலை, மழைநீர் சேகரிப்பு. எரிமலை எப்போதும் ஸ்டாக் இருக்கும். எரிமலை இல்லாத மாவட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் எரிமலை கொண்டுவந்தார்கள். செம்மணல் மேட்டில் வாழ்கிற பிள்ளை ஒருத்தியும் தேரியைச் செய்துகொண்டு வரவில்லை; கடையில் அது விற்பனைக்கு இல்லை.

இப்போது பேத்தியின் வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை இரவு வாட்சப் குழுவில் தகவல் வரும். என்ன செயல்பாடு, அதன் கற்றல் விளைவு என்ன, எந்தத் திறன் வளரும், என்ன நிறத்தில் உடை. ஒருதடவை களிமண் வேலை. களிமண் பாக்கெட்டில் வந்தது. கையில் ஒட்டாது என்று அட்டையில் உத்தரவாதம் எழுதியிருந்தது. இன்னொரு தடவை பனை ஓலைப் பயிலரங்கம். பனைதான் மாநில மரம் என்பதால் இப்போது அதற்கு நல்ல மவுசு. ஆளுக்கு 600 ரூபாய். பயிற்சி கொடுக்க வந்தவரை 'சார்' என்று பிள்ளைகள் கூப்பிட்டதைப் பேத்தி சொன்னபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. வாசலுக்கு வெளியே நின்று பேசிய மனிதருக்கு அந்த 'சார்' போய்ச் சேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. மேல் வகுப்புகளுக்கு இன்னும் விசேஷம். 2020 தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த வகுப்புகளை முடிப்பதற்குள் 10 நாள் பையில்லா நாள் வேண்டும், அந்த நாட்களில் தச்சர், குயவர், தோட்டக்காரரிடம் வேலை பழகலாம் என்கிறது. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு வருடம் முழுக்கவே பை கிடையாது. கொள்கை வகுத்தவர்கள் எங்களைக் கேட்டிருந்தால் 10 நாளில் நிறுத்தியிருக்க வேண்டாம்.

போன மாதம் விதை முளைத்தல். பயறு ஊறப்போட்டு, முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் படம் எடுத்து, அட்டையில் ஒட்டி வெள்ளிக்கிழமை கொண்டுவர வேண்டும். தகவல் வந்தது வழக்கம்போலச் செவ்வாய்க்கிழமை. அன்று விதைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் ஏழாம் நாள் வராது என்ற கணக்கு பள்ளியில் யாருக்கும் தோன்றவில்லை. என் மகளுக்குத் தோன்றியது, அவள் ஐ.டி.யில் இருக்கிறவள். சூப்பர் மார்க்கெட்டில் முளைகட்டிய பயறு ஒரு பாக்கெட், பக்கத்து பிளாட் மாடித் தோட்டத்திலிருந்து இரண்டு நாற்று, வீட்டு டப்பாவிலிருந்து ஒரு பிடி பச்சைப் பயறு. ஒரே ராத்திரியில், ஒரே சமையலறை மேடையில், ஏழு நாளும் நடந்து முடிந்தன. வெளிச்சம் மாறித் தெரிய வேண்டும் என்று ஒரு படத்துக்கு ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு வேறு விளக்கைப் போட்டாள். பேத்தி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த அட்டைக்கு 'சிறந்த கூர்நோக்கு' என்று நட்சத்திரம் கிடைத்தது. நட்சத்திரம் சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது, அட்டையில் பெயர்தான் வேறு.

எல்லாம் கெட்டுப்போச்சு என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் தெருக்கோடி அரசுப் பள்ளியில் ஒருநாள் ஜன்னல் வழியாக ஒன்றைப் பார்த்துவிட்டேன். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தின் கீழ் 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் கணக்குச் சோதனைகள் செய்து காட்ட ஒரு பெண் வந்திருந்தாள். டம்ளரில் நிறையத் தண்ணீர், மேலே ஒரு அட்டை. கையால் பொத்திக் கவிழ்த்து, கையை எடுத்தாள். தண்ணீர் விழவில்லை. காற்றழுத்தம் என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள், ஒரு பிள்ளை சத்துணவுக் கூடத்தைக் காட்டி, "அக்கா, மோரை ஊத்துனா நிக்குமா?" என்றது. இன்னொன்று, "அரை டம்ளர்?" என்றது. ஊற்றிப் பார்த்தார்கள். மோர் நின்றது. அடுத்த பையன் அட்டையைக் கோணலாக வைத்ததில் தரையெல்லாம் வெள்ளமானது. யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்கக் கை காயவில்லை. அந்தப் பெண்ணுக்கு அடுத்த பள்ளிக்கு நேரமாகிவிட்டது, வேகமாகக் கிளம்பிப் போய்விட்டாள். அவள் மறுபடி எப்போது வருவாள் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் கையும் கணக்கும் ஒரே அறையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எங்கள் காலத்தில் கை இருந்தது, அதைப் பாடத்தோடு சேர்த்துவைக்க ஆளில்லை. பேத்தியின் பள்ளியில் பாடத்தோடு சேர்த்துவைக்க அத்தனை ஏற்பாடும் இருக்கிறது, கை மட்டும் அம்மாவுடையது.

எந்தப் பள்ளியும் என்னிடம் யோசனை கேட்கவில்லை. அதனாலேயே மகளிடம் சொன்னேன். வாரத்தில் ஒரு மத்தியானம் போதும். மதிப்பெண் வேண்டாம், படம் வேண்டாம், கிட் வேண்டாம். தரை அழுக்காகலாம். தப்பாக வந்தால் அடுத்த வாரமும் அதையே செய்யலாம். 'தேரியில மணல் சரியும்' என்று ஒரு பிள்ளை சொன்னால், கணக்கை நிறுத்திவிட்டு அதைக் கேட்க வேண்டும். பெற்றோர் மட்டும், அன்றைக்கு ராத்திரி தாங்கள் தூங்கிக்கொண்டிருந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "கூகுள் ஃபார்ம்ல கேப்பாங்கம்மா. தூங்குற போட்டோவையும் சேத்து அனுப்பச் சொல்லி."